ஸ்டெல்லா பாடாமல் நின்ற சாயங்காலம்

போன வாரம் விக்கிரவாண்டி ஓட்டல் ஒன்றில் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசையில் இரண்டு இளைஞர்கள் செல்போனில் ஒரு பழைய கச்சேரி வீடியோவை ஓடவிட்டு, அதை நடுவில் வைத்துக்கொண்டு சண்டை போட்டார்கள்.

“ஆல்பத்துல எப்டி பாடியிருக்குது! லைவ்ல சொதப்பிடுச்சு மச்சான்.”

“போடா. லைவ்லதான்டா உசுரே இருக்குது.”

செல்போனில் பாடிய குரல் யாருடையது என்று இரண்டு சொல்லிலேயே தெரிந்துவிட்டது. ஸ்டெல்லா. எனக்கு வந்த கோபத்தில் கடித்த வடையைத் தட்டிலேயே போட்டேன். அந்தக் கச்சேரி நடந்த மைதானத்தில் நின்றவள் நான். இவர்கள் அப்போது அரை டிராயர் போட்டிருப்பார்கள். எழுந்து போய் நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நேரில் பேசுகிற தைரியம் எனக்கு எப்போதுமே கிடையாது. என் வீரமெல்லாம் எழுத்தில்தான், அதுவும் பொய்ப் பெயரில்.

மேசை துடைக்க வந்தவர் ஃபினாயிலைத் தாராளமாகத் தெளித்துவிட்டார். அந்த வாடை என்னை நேராக விழுப்புரத்து ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோனது. என் முதல் வேலை அங்கேதான். தினமும் காலையில் திண்டிவனத்தில் ரயில் ஏறுவேன். கூடவே நஸ்ரீன். அவளுக்கு விழுப்புரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. எங்கள் இருவருக்கும் சேர்த்து ஓர் இயர்போன். இடது காது எனக்கு, வலது காது அவளுக்கு. அவித்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, உரித்துக்கொண்டே ‘கல்லுப்பு’ ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை கேட்போம். எட்டுப் பாட்டு. எழுதியது, மெட்டுப் போட்டது, பாடியது எல்லாம் ஸ்டெல்லாவேதான். மரக்காணம் பக்கத்துக்காரர். கடலுக்குப் போய்த் திரும்பாத அண்ணனைப் பற்றி ஒரு பாட்டு. எனக்கு அண்ணனே கிடையாது. ஆனாலும் மயிலம் ஸ்டேஷன் தாண்டுவதற்குள் அழுதுவிடுவேன்.

அந்த ஸ்டெல்லா விழுப்புரத்தில் ஒரு கல்லூரி மைதானத்துக்குப் பாட வந்தார். வேலை முடிந்த கையோடு ஓடினோம். மேடையில் டிரம்ஸ் இல்லை, வயலின் இல்லை. ஒரு கிட்டார், தொண்டை கட்டிய குரல். எல்லாப் பாட்டையும் இழுத்து இழுத்துப் பாடினார். கூட்டம் நெளிந்தது. அண்ணன் பாட்டின் நடுவில் சட்டென்று நின்றுவிட்டார். நின்றார் என்றால், கிட்டார் மேல் கையை வைத்துக்கொண்டு சும்மா நின்றார். யாரோ விசிலடித்தார்கள். கூட்டத்தில் முகம் தெரியாது என்ற தைரியத்தில் நான் கத்தினேன்:

“பாட வரலன்னா ஆல்பத்தையாச்சும் போட்டு வுடுங்க!”

சுற்றிலும் சிரிப்பு. ஒரு நிமிஷம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. நஸ்ரீன் என் கையை உதறினாள். ஸ்டெல்லா நாங்கள் நின்ற பக்கம் பார்த்தார். மீதி வரிகளைப் பேசுவது போலச் சொல்லி முடித்துவிட்டு இறங்கிப் போனார்.

மறுநாள் ரயிலில் இயர்போன் வெளியே வரவில்லை.

“எட்டுப் பாட்டுல ஒண்ணையாச்சும் ஒழுங்கா பாடுச்சா?” என்றேன்.

“நீ பாட்டு கேக்க வர்லடி. உன் செல்லுல இருக்கற மாதிரியே இருக்குதான்னு செக் பண்ண வந்த.”

“மேடையேறி அழறதுக்கு எதுக்கு கூட்டத்தைக் கூட்டணும்? வூட்டுல அழ வேண்டியதுதானே?”

“அது அழலடி. அழாம இருக்கப் பாத்துக்கினு நின்னுச்சு.”

பதில் வராதபோது எனக்குக் கோபம் தானாக வந்துவிடும். அன்றைக்கே என் பொய்ப் பெயரில் ‘விழுப்புரத்தில் ஓர் ஏமாற்று’ என்று ஃபேஸ்புக்கில் நீளமாக எழுதினேன். தெரியாதவர்களெல்லாம் பகிர்ந்தார்கள். கீழே நஸ்ரீன் தன் சொந்தப் பெயரில், எனக்குச் சொன்னதையே நாலு வரியில் எழுதினாள். நான் யார் என்று காட்டிக்கொடுக்கவில்லை. அவள் பெயரைப் பார்த்ததும் எவனோ ஒருவன் அவள் முக்காட்டையும் மதத்தையும் இழுத்து, இங்கே எழுதக் கூசுகிற ஒன்றை எழுதினான். பாட்டுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

அதைப் பார்த்தேன். ஒரு விரல் பட்டால் நீக்கியிருக்கலாம். சண்டை சூடு பிடித்தால் இன்னும் நாலு பேர் படிப்பார்கள் என்று இரண்டு நாள் விட்டுவைத்துவிட்டு அப்புறம்தான் நீக்கினேன். அந்த ஆள் மேல் இருக்கிற கோபம் பழசாகிவிட்டது; அந்த இரண்டு நாள் மேல் இருக்கிற கோபம் இன்னும் பச்சையாக இருக்கிறது.

அடுத்த வாரத்திலிருந்து நஸ்ரீன் வேறு பெட்டியில் ஏறினாள். ஒருநாள் பிளாட்பாரத்தில் வழிமறித்தேன்.

“மன்னிச்சுக்கடி.”

“அவன் எழுதினதுக்கு நீ எதுக்கு மன்னிப்பு கேக்கற? நீ பாத்துக்கினு இருந்த பாரு, அதுக்குக் கேளு.”

கேட்பதற்குள் ரயில் வந்துவிட்டது. அப்புறம் அவள் ஷார்ஜாவில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டதாகக் கடையில் சொன்னார்கள். ஸ்டெல்லா அதற்குப் பிறகு மேடை ஏறியதாக நான் கேள்விப்படவில்லை. அன்றைக்கு விசிலடித்தவர்கள்தான் இன்றைக்கு அந்த வீடியோவுக்குக் கீழே ‘கண்கலங்கிவிட்டது’ என்று எழுதுகிறார்களோ என்னவோ. கலங்கட்டும்.

நஸ்ரீனைக் கடைசியாகப் பார்த்த அன்று சாயங்காலமே என் பதிவை அழித்தேன். பெரிய பிராயச்சித்தம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு. பதிவோடு சேர்ந்து கீழே இருந்ததெல்லாம் போய்விடும் என்பது அழித்த பிறகுதான் உறைத்தது. நான் எழுதிய அசிங்கம் போனது. நஸ்ரீன் எழுதிய நாலு வரியும் போனது. அந்தச் சாயங்காலத்தைப் பற்றி யாராவது உண்மையாக எழுதியிருந்தால், அது அந்த நாலு வரிதான்.