அக்காவின் கணக்கில் இருந்த பெயர்

கோபத்தில் செய்த ஒன்றை மறதியால் சரிசெய்யாமல் விட்டால், அந்தத் தவறு கோபத்தைச் சேருமா, மறதியைச் சேருமா? ஜெராக்ஸ் கடை அக்காவின் வாழ்க்கையை யோசிக்கும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் முன்னால் வந்து நிற்கிறது.

அவளைவிட மூத்தவர்களும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சின்னக் கடை. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின், சூடேறினால் காகிதத்தைக் கசக்கித் துப்பும் ஒரு பிரிண்டர். நகலெடுக்க வந்தவர்கள் தங்கள் பெயரில் வெப்சைட் வேண்டும் என்று கேட்கத் தொடங்கியபோது அந்த வேலையையும் கற்றுக்கொண்டாள். கேட்கும் டொமைன் பெயர், அதாவது இணைய முகவரி, காலியாக இருக்கிறதா என்று தேடுவாள், இருந்தால் பதிவு செய்வாள், பக்கத்தோடு இணைத்துக் கொடுப்பாள். வருடா வருடம் பணம் கட்டிப் புதுப்பிக்காவிட்டால் பெயர் கைவிட்டுப் போய்விடும், அதையும் அவளே பார்த்துக்கொள்வாள். பெரிய வித்தை என்று சொல்ல மாட்டேன். ஒழுங்காகச் செய்தாள்.

எல்லாப் பெயர்களையும் தன் ஒரே கணக்கில், தன் ஈமெயிலைக் கொடுத்தே பதிவு செய்வது அவள் வழக்கம். பாஸ்வேர்டு நமக்கெதற்கு, தொலைத்துவிட்டு மறுபடி அக்காவிடம்தானே வந்து நிற்கப்போகிறோம் என்று, அவளிடம் வெப்சைட் போட்ட சலூன்காரர் சொன்னதை மற்றவர்களும் ஒப்புக்கொண்டார்கள். பெயர் அவர்களுடையது, சாவி அவளுடையது.

அந்தக் கணக்கில் அவள் தம்பியின் பெயரும் இருந்தது. திக்கிப் பேசும் பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி தருவது அவன் தொழில். அவன் தனியாகத் தொழில் தொடங்கியபோது பெயரைப் பதிந்து, புகைப்படம் போட்டு, பெற்றோர்கள் தொடர்புகொள்ள வழிசெய்து கொடுத்தவள் அக்காதான். அவனைத் தேடி வந்தவர்களில் பாதிப்பேர் அந்தப் பக்கத்தைப் பார்த்து வந்தவர்கள்.

ஒருநாள் சொந்தக்காரர் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா என்ன வேலை செய்கிறாள் என்று யாரோ கேட்டார்கள்.

"பட்டனை அமுக்குவா, பேப்பர் வரும்" என்றான் தம்பி. "பேப்பர் வரலைன்னா மிஷினைத் தட்டுவா. அவ்வளவுதான் உத்தியோகம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

மறுநாள் கடையைத் திறந்ததும் அவள் செய்த முதல் வேலை, தம்பியின் பெயர் தானாகப் புதுப்பிக்கப்படும் வசதியை நிறுத்தியது. பெயர் போகட்டும் என்று நினைக்கவில்லை. கெடு நெருங்கினால் பயந்துபோய் வருவான், ஒரு தடவை வாயைத் திறந்து கேட்கட்டும் என்றுதான் நினைத்தாள். எச்சரிக்கை மெயில்கள் அவனுக்குப் போகாது, எல்லாம் தன் ஈமெயிலுக்குத்தான் வரும் என்பது கோபத்தில் அவளுக்கு உறைக்கவில்லை.

மெயில்கள் வந்தன. முதல் மெயிலைப் படித்தபோதே புரிந்துவிட்டது. நாளைக்குச் செய்யலாம் என்று மூடினாள். அப்போது பரீட்சை விண்ணப்பக் கூட்டம். கடையில் நிற்க இடமில்லை. மறந்துவிட்டாள். மறதியும் சில சமயம் நமக்கு வசதியானதையே பார்த்து மறக்கும் என்பதால், இந்த இடத்தில் அவளுக்காக வாதாட என்னால் முடியவில்லை.

கெடு தாண்டியது, மீட்டுக்கொள்ளக் கொடுத்த அவகாசமும் தாண்டியது. முகம் தெரியாத யாரோ அந்தப் பெயரை வாங்கி, சீட்டாட்டப் பந்தயப் பக்கம் ஒன்றை ஏற்றிவிட்டார். தன் பக்கத்தைத் தானே திறந்து பார்க்கும் பழக்கம் தம்பிக்கு இல்லை. புதிதாக வரவிருந்த பிள்ளையின் அம்மா ஒருத்தி, சாரின் படத்தைக் காட்டுகிறேன் என்று பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு திறந்திருக்கிறாள். செய்தி ஒரு பள்ளிக்கூடம் வரை போனது. வாரம் இரண்டு நாள் வந்து பயிற்சி தரச் சொல்லியிருந்த அந்தப் பள்ளி, இப்போது வேண்டாம் என்றது.

தம்பி நேராகக் கடைக்கு வந்தான். முகம் செத்துப்போயிருந்தது.

"யாரோ என் பேரைத் திருடிட்டாங்கக்கா. எனக்கு ஒண்ணும் புரியலை."

"பார்க்கிறேன்" என்றாள்.

அவன் அங்கே நின்றவர்களிடம் திரும்பி, "எங்க அக்கா பார்த்துக்குவா. இந்த விஷயத்துல அவளுக்குத் தெரியாததே கிடையாது" என்றான்.

எந்தச் சொல்லுக்காக அவள் மனம் புழுங்கினாளோ அந்தச் சொல் அன்றைக்குக் கிடைத்தது. அவள் பிரிண்டரைத் திறந்து, உள்ளே சிக்கியே இராத ஒரு காகிதத்தைத் தேடினாள்.

வாங்கியவர் கேட்ட விலை கட்டுப்படியாகவில்லை. அதே பெயரை, கடைசியில் .com-க்குப் பதில் .in என்று வேறு பின்னொட்டோடு, இந்த முறை தம்பியின் ஈமெயில், தம்பியின் போன் நம்பர் கொடுத்துப் பதிந்தாள்.

"நீயே வச்சுக்கோயேன்க்கா, எனக்கென்ன தெரியும்?"

"உன் பேரு. உன்கிட்டயே இருக்கட்டும்."

பள்ளி திரும்பக் கூப்பிடவில்லை. நடந்ததை அவள் சொல்லவும் இல்லை. சொல்ல வாயெடுத்த ஒரு மாலையில், உன்னைப் போட்டுப் படுத்துகிறேன் என்று அவன் முந்திக்கொண்டு வருத்தப்பட்டான். பிறகு எப்படிச் சொல்வது?

அதன்பின் மற்றவர்களையும் ஒவ்வொருவராகக் கடைக்கு வரவழைத்து, அவரவர் பெயரை அவரவர் கணக்குக்கு மாற்றிக் கொடுத்தாள். சாவியெல்லாம் திருப்பிக் கொடுக்கிறீர்களே, கடையைக் காலி செய்யப் போகிறீர்களா என்று சலூன்காரர் கேலி செய்தார். கடைசியில் கணக்கில் மிஞ்சியது ஒரு பெயர். அது அவளுடையது. வேலை கற்றுக்கொள்ளும்போது முதன்முதலாகப் பதிந்தது, வருகிறவர்களுக்கெல்லாம் மாதிரியாகத் திறந்து காட்டியது. அதற்கான எச்சரிக்கை மெயில்கள் வந்தபோது ஒன்றையும் மறக்கவில்லை. எல்லாவற்றையும் படித்தாள். கெடு முடியும்வரை சும்மா இருந்தாள்.

கடைப் பலகையில் அந்த இணைய முகவரி பெரிய எழுத்தில் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை அழிக்க வெள்ளைப் பெயின்ட் டப்பாவோடு ஏணியில் ஏறினாள். உன் பெயரை ஏன் போகவிட்டாய் என்று கீழே நின்ற கணவர் கேட்டார்.

"ஏணியைக் கெட்டியாப் பிடிங்க" என்றாள்.