ஏஜென்ட் பீர் முகம்மதுவும் ஒரு மொட்டையும்

டவுன்ஹால் பக்கத்தில் பைகளுக்கு ஜிப் மாற்றித் தரும் பீர் முகம்மதுவுக்குச் சட்டமன்றத் தேர்தல் வந்துவிட்டால் கடையும் கிடையாது, வீடும் கிடையாது. வாக்குச்சாவடிக்குள் கட்சி ஏஜென்டாக உட்கார்ந்து, ஓட்டுப் போட வருகிறவர் சரியான ஆள்தானா என்று பார்ப்பதில் மனிதருக்கு அப்படியொரு பெருமை. ஒரே குறை, தொகுதியில் அவர் கட்சி ஜெயித்தாலும் அவர் உட்கார்ந்த பூத்தில் மட்டும் பின்தங்கிவிடும்.

"நீங்க உக்கார்ற ராசி அப்படிங்க" என்று மனைவி உம்மல் குல்சுமே கிண்டல் செய்வார். இந்தத் தடவை பூத்திலும் ஜெயித்தே தீருவது என்று வீடு வீடாக ஏறி இறங்கியிருந்தார்.

ஓட்டுப்பதிவு நாள் மத்தியானம், எதிர்க்கட்சி ஏஜென்ட் தம்பிதுரை சாப்பிடப் போயிருந்த நேரம். வெங்கடம்மாள் உள்ளே வந்தார். வழுவழுவென்று மொட்டை, அதன் மேல் சந்தனம். அடையாள அட்டையிலோ தலை நிறையக் கனகாம்பரம். அதிகாரி அட்டையைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"ஏஜென்ட், இவங்களை உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாமல் என்ன, பக்கத்து வீடு. தம்பிதுரையின் கட்சி ஜெயித்தால் பழனிக்கு முடி தருவதாக வேண்டிக்கொண்ட அம்மாள். ஊரில் எல்லோரும் காரியம் கைகூடிய பிறகு மொட்டை போடுவார்கள். இவருக்கு ஏது பொறுமை, போன வாரமே போய் அடித்துக்கொண்டு வந்துவிட்டார். தன் கட்சி தோற்பதற்காக அடித்த மொட்டைக்குத் தானே சாட்சி சொல்ல வேண்டிய நிலைமை பீர் முகம்மதுவுக்கு. தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ரோஷக்கார அம்மாள் திரும்பியே போய்விடுவார். ஆசை எட்டிப் பார்த்தது உண்மைதான்.

"எங்க பக்கத்து ஊட்டு வெங்கடம்மாளுங்க. பழனிக்குப் போயிட்டு வந்திருக்கறாங்க. இவிங்களேதானுங்க" என்றார்.

வெங்கடம்மாள் மை வைத்த விரலோடு, அவரைப் பார்த்துச் சிரித்தபடி மறைப்புக்குள் போனார்.

எண்ணி முடித்தபோது பீர் முகம்மதுவின் கட்சி தொகுதியில் ஜெயித்திருந்தது. அவருடைய பூத்தில் மட்டும் ஒரே ஓட்டில் தோற்றிருந்தது. கட்சிக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள், உம்மல் குல்சும் வயிறு வலிக்கச் சிரித்தார். பீர் முகம்மதுவுக்கு என்னவோ வருத்தமே வரவில்லை. நிம்மதியாகத்தான் இருந்தது.

மறுநாள் ஜிப் அறுந்த பையோடு வெங்கடம்மாள் கடைக்கு வந்தார்.

"ஏனுங்க பாய், என்ற மொட்டை வீணாப் போச்சுங்களே!"

"வீணா எங்கீங்க போச்சு? நம்ம பூத்துல எங்களை ஒத்த ஓட்டுல கவுத்துப்போட்டீங்க."

புது ஜிப்பை இழுத்துப் பார்த்துவிட்டுப் பையை நீட்டினார்.

"அடுத்த எலெக்சனுக்கும் மொட்டைன்னா, அம்மணி, கார்டுக்குப் புதுசா போட்டோ எடுத்துப்போடுங்க. மறுபடியும் என்னையவே சாட்சி சொல்ல வெச்சுப்போடாதீங்க."