பட்டைக்கு அடியில் பச்சைப் பெயிண்ட்

பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சி, பெரிய யுத்தம் முடிந்த சமயம். பாகூர் பக்கத்தில் ஒரு கிராமத்துக்கு நான் கல்யாணமாகி வந்து அதிக நாள் ஆகவில்லை. என் கணவர் ஒரு பண்ணையாரின் கரும்புத் தோட்டத்தில் மாடு கட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கிணற்றுக்குக் கரண்ட் மோட்டார் வந்தது. மாடுகளை விற்றுவிட்டு, மோட்டாரைப் பார்த்துக்கொள்ளும் வேலையை இவருக்கே கொடுத்தார் பண்ணையார். இவருக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய உத்தியோகஸ்தர் மாதிரி தலைவாரிக்கொண்டு கிணற்றடிக்குப் போவார்.

மோட்டாரைப் பூட்டியவர் புதுச்சேரியிலிருந்து வந்த ஒரு பிட்டர். ரோட்டுக் கம்பத்திலிருந்து கிணறு வரைக்கும் ஆர்மர்டு கேபிளைப் புதைத்தார். அதன் மேலே சுற்றிலும் இரும்புக் கம்பி ஓடும். அந்தக் கம்பியை ஒரு இரும்புப் பட்டையால் மோட்டாரின் உடம்போடு சேர்த்து இறுக்கினார். கரண்ட் கசிந்தால் கம்பி வழியாகவே மண்ணுக்குப் போய்விடும், ஆளை ஒன்றும் செய்யாது, பட்டையை மட்டும் கழற்றாதீர்கள் என்று பண்ணையாரிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். என் கணவர் அதை வீட்டுக்கு வந்து எனக்குப் பாடம் மாதிரி ஒப்பித்தார்.

ஆயுத பூஜை வந்தது. ஏர், வண்டி எல்லாம் பளபளக்க, புது மோட்டார் மட்டும் துருப்பிடித்து நிற்கலாமா? பச்சைப் பெயிண்ட் வாங்கி வந்த பண்ணையார், பட்டையைக் கழற்றி அடியிலும் பூசச் சொன்னார். இவர் தயங்கினாராம்.

"திரும்ப இறுக்கிட்டா போவுது, பூசுடா" என்றாராம்.

பூசினார். காய்ந்ததும் பட்டையை முன்னைவிட இறுக்கமாகவே முடுக்கினார். மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்தார்கள்.

ஐப்பசி மழை ஓய்ந்து மோட்டாரைத் திரும்ப ஓட்டிய முதல் நாள். நான் சோற்றுத் தூக்கோடு வரப்பில் வந்துகொண்டிருந்தேன். கிணற்றடியில் கூச்சல் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தேன். யாரோ சுவிட்சை அணைத்திருந்தார்கள். ஈரக்காலோடு மோட்டாரைத் தொட்ட என் கணவர், தொட்ட இடத்திலேயே விழுந்து கிடந்தார். உயிர் இல்லை.

அன்று நான் வீட்டுக்கு விலக்கு. அது மாமியாருக்குத் தெரியும்.

"தூரமானவ வூட்டோட கெடக்காம, பூச போட்ட எடத்துக்குச் சோறு தூக்கிக்கினு போனியேடி" என்று பிணத்தின் மேல் விழுந்து அழுதார்.

பண்ணையாருக்கு அந்த ஒரு பேச்சு போதுமாக இருந்தது. "பின்ன இன்னா, அம்மன் சும்மா வுடுவாளா" என்று ஊர் எதிரில் சொன்னார். நான் போய்ச் சேருமுன்பே என் கணவர் விழுந்துவிட்டார் என்பது ஒருவர் காதிலும் ஏறவில்லை.

காரியம் முடிந்தபின், அவருடைய துண்டு மோட்டார் கொட்டகையில் கிடக்குமே என்று போனேன். அங்கே, மோட்டாரைச் சரிபார்க்க வந்திருந்த அந்த பிட்டர் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, அடியில் இருந்த பெயிண்டைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். இரும்பும் இரும்பும் ஒட்டினால்தான் கரண்ட் மண்ணுக்குப் போகுமாம். நடுவில் பெயிண்ட் நின்றுவிட்டதாம். மழை ஈரத்தில் கசிந்த கரண்ட் போக வழியில்லாமல் மோட்டார் மேலேயே இருந்ததாம்.

அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். "அண்ணா, இத்த எங்க மாமியாகிட்ட மட்டும் வந்து சொல்லுணா. வேற யாருக்கும் சொல்ல வேணாம்."

"எம் பொழப்பு போயிடும்மா" என்றார். "மோட்டார் வக்கிறவங்க அத்தினி பேரும் இந்தப் பண்ணையாரு சொந்தக்காரங்க."

இரும்பு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, பட்டையை இறுக்கிவிட்டுக் கிளம்பிவிட்டார். நானே மாமியாரிடம் சொன்னேன். பழியைத் தட்டிவிடக் கதை கட்டுகிறாள் என்று என்னைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அந்த மோட்டார் யாரையும் ஒன்றும் செய்யவில்லை. நான் ஊரைவிட்டுப் போனதால்தான் அம்மன் அடங்கினாள் என்று அதையே சாட்சியாகச் சொன்னார்களாம். கரண்டின் மேல் எனக்குக் கோபமில்லை, அதற்கு எதுவும் தெரியாது. எல்லாம் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு போன அந்த பிட்டரைத்தான் இந்த வயதிலும் என்னால் மன்னிக்க முடியவில்லை.