நெட்டை குளிக்கிறான்

மீசை சரியாக அரும்பாத இருபது வயதுப் பையனை மூப்பர் என்று கூப்பிடுகிற சபை அது. வெள்ளைச் சட்டை, கறுப்பு டை, சட்டைப் பையின் மேல் பெயர் எழுதிய கறுப்பு பேட்ஜ். இரண்டு வருடம் சொந்த நாட்டை விட்டு, கடல் தாண்டி வந்து, முன்பின் தெரியாதவர்களின் கதவைத் தட்டி, மார்மன் சபையின் செய்தியைச் சொல்ல வேண்டும். சம்பளம் கிடையாது. சினிமா கிடையாது, காதல் கிடையாது, காபி கூடக் கிடையாது. வீட்டுக்குப் போன் பேசத் திங்கட்கிழமை ஒரு நாள் உண்டு.

அப்படி வந்தவன்தான் நம் ஆள். அவனுடைய மூப்பர் பட்டத்தைத் தெருப் பிள்ளைகள் வந்த வாரமே பிடுங்கிக்கொண்டார்கள். கூட வந்தவன் கதவு நிலை இடிக்கிற உயரம், இவன் அவன் தோளுக்குக் கீழே. ஆகவே அவன் நெட்டை, இவன் குட்டை. பேட்ஜில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் படிக்கக் கூட இல்லை.

இந்த ஜோடி விவகாரத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த மிஷனரிகள் தனியாக இருக்கவே கூடாது. ஒருவன் மற்றவனின் கண்ணுக்கோ காதுக்கோ எட்டுகிற தூரத்தில் எப்போதும் இருக்க வேண்டும். கடைக்குப் போனாலும் இருவர், மொட்டைமாடியில் துணி காயப்போட்டாலும் இருவர். காலை ஆறரைக்கு அலாரம் அடித்ததும் இருவரும் முட்டி போடுவார்கள். ஒருவன் வாய்விட்டு ஜெபிப்பான், மற்றவன் ஆமென் சொல்வான். பிறகு மற்றவன் முறை. கல்யாணம் ஆனவர்கள் கூட இப்படி ஒட்டிக்கொண்டு திரிய மாட்டார்கள் என்று கீழ்வீட்டு அக்கா சிரிப்பாள். குளியலறை ஒன்றுதான் விலக்கு. நாள் முழுக்க ஒருவன் தனியாக இருப்பது அந்தப் பத்து நிமிடம் மட்டுமே.

குட்டை வந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. தட்டிய கதவுகளுக்குக் கணக்கில்லை, ஞானஸ்நானம் பெற்றவர் ஒருவர் கூட இல்லை. அவனுடைய அப்பா இதே வயதில் இன்னொரு நாட்டுக்குப் போய்ப் பதினான்கு பேரைச் சேர்த்தவர். திங்கட்கிழமை போனில் அவர் எதுவும் கேட்க மாட்டார். கேட்காமல் இருப்பதுதான் குட்டைக்கு நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. கடைசியில் கடவுள் கண் திறந்தார். பூட்டு ரிப்பேர் செய்கிற ஒரு பெரியவர், மனைவியை இழந்தவர், மூன்று மாதம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சனிக்கிழமை ஞானஸ்நானம் எடுத்துக்கொள்கிறேன் என்றார். குட்டைதான் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார். வெள்ளிக்கிழமை வட்டத் தலைவன் வந்து பெரியவரிடம் பேசிச் சரி சொன்னால் முடிந்தது. ஏழெட்டு மிஷனரிகளுக்கு ஒரு வட்டத் தலைவன் உண்டு. அவனும் இருபத்தொரு வயதுப் பையன்தான்.

நெட்டை அந்த வாரம் சரியாக இல்லை. இருமல் ஒரு மாதமாக விடவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தான். “உன்கிட்ட ஒரு விஷயம் பேசணும்” என்று இரண்டு தடவை ஆரம்பித்தான். இரண்டு தடவையும் குட்டை, சனிக்கிழமை முடியட்டும், அப்புறம் விடிய விடியப் பேசலாம் என்று தட்டிக் கழித்தான்.

புதன்கிழமை காலை ஆறரைக்கு அலாரம் அடித்தது. குட்டை எழுந்து பார்த்தால் பக்கத்துக் கட்டில் காலி. போர்வை நான்காக மடித்திருந்தது. தலையணையின் நடுவில் நெட்டையின் பேட்ஜ். மேசை மேல் அவனுடைய வீட்டுச் சாவி. பெட்டியைக் காணோம்.

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். ஜோடி காணாமல் போனால் உடனே மிஷன் ஆபீசுக்குப் போன் அடிக்க வேண்டும், இது முதல் பாடம். இருவருக்கும் சேர்த்து இருந்த ஒரே போன் அவன் கையில்தான் இருந்தது. ஆனால் அடித்தால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். தனியாக ஒருவனை விட்டுவைக்க மாட்டார்கள், மதியத்துக்குள் அவனை வேறு ஊருக்கு அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். சனிக்கிழமை தண்ணீரில் பெரியவரோடு வேறு யாரோ நிற்பான். நெட்டை ராத்திரிக்குள் திரும்பி வந்துவிடுவான், போக அவனுக்கு எங்கே போக்கிடம், பாஸ்போர்ட் கூட ஆபீசில்தானே இருக்கிறது என்று குட்டை தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். பேட்ஜை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டான். நல்ல பையன்தான், ஆனாலும் அதைச் செய்தான்.

பிறகு முட்டி போட்டான். தன் ஜெபத்தைச் சொன்னான். ஆமென் சொல்ல ஆள் இல்லை. அந்த மௌனம் அவனுக்குப் பொறுக்கவில்லை, தானே சொன்னான். அதன் பின் நெட்டையின் முறை என்பதால், பழக்கதோஷத்தில், நெட்டை சொல்வதுபோல் நாலு வார்த்தை சொன்னான். அதற்கும் ஆமென் போட்டான். தரை மெலிது, ஒருவன் ஜெபம் குறைந்தால் கீழ்வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று ஒரு சாக்கும் வைத்துக்கொண்டான்.

படி இறங்கும்போது கீழ்வீட்டு அக்கா வாசலில் நின்றாள். நெட்டையைக் கேட்டாள். குட்டையின் வாயில் வந்த முதல் பதில், குளிக்கிறான். அக்கா தலையாட்டிவிட்டு, “பாவம் தம்பி, காலையில அப்படி இருமறான், ஒரு டாக்டரப் பாருங்க” என்றாள். நேற்றைக்குக் கேட்டதைச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு குட்டை நடையைக் கட்டினான்.

பூட்டுக்கடை தெருவின் மேற்குக் கோடியில் இருந்தது. பஸ் நிலையம் கிழக்குக் கோடியில். பெட்டியோடு போனவனைத் தேட வேண்டும் என்றால் யாரும் முதலில் போகிற இடம் பஸ் நிலையம். குட்டை மேற்கே போனான். அடுத்த நாளும் மேற்கேதான் போனான்.

கடையில் பெரியவர் ஒரு பழைய பூட்டைப் பிரித்து, ஸ்பிரிங்கை இடுக்கியால் பிடித்திருந்தார். குட்டை கடையின் தட்டிக்கதவைத் தள்ளி உள்ளே வந்தான். வந்தவன் கதவை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றான்.

“யாருக்குத் தம்பி பிடிச்சுட்டு நிக்கற?” என்று பெரியவர் கேட்டார்.

குட்டை திரும்பிப் பார்த்தான். தெருவில் யாரும் இல்லை. கதவை விட்டான், அது மெதுவாகச் சாத்திக்கொண்டது. நெட்டைக்குக் காய்ச்சல் என்றான். சத்தியத்தைப் பற்றிப் பாடம் சொல்ல வந்த இடத்தில் கூசாமல் சொன்ன பொய் அது. பெரியவர் இரண்டு ஸ்டூல் எடுத்துப் போட்டார். ஒன்றில் குட்டை உட்கார்ந்தான். பாடத்தின் நடுவே, நெட்டை சொல்ல வேண்டிய இடம் வந்ததும் பேச்சை நிறுத்திப் பக்கத்து ஸ்டூலைப் பார்த்தான். பெரியவரும் அதைப் பார்த்தார்.

“என் சம்சாரம் போனப்புறம் நானும் ரெண்டு டம்ளர் எடுத்து வச்சிட்டுதான் இருந்தேன். ஒரு மாசம்” என்றார் பெரியவர். “ஆனா அவ செத்துட்டா. அந்தத் தம்பி எங்க?”

காய்ச்சல் என்று குட்டை மறுபடியும் சொன்னான். அன்று ராத்திரி நெட்டை வரவில்லை. நாள் முடிவில் வட்டத் தலைவனுக்கு அனுப்புகிற செய்தியில், இருவரும் நலம் என்று குட்டை எழுதி அனுப்பினான்.

வியாழக்கிழமை காலை அவன் முட்டி போட்டபோது மனசு வேறு மாதிரி இருந்தது. தன் முறைக்கு வழக்கம்போல் சனிக்கிழமையைக் கேட்டான், பெரியவரைக் கேட்டான். நெட்டையின் முறை வந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, அவன் என்ன கேட்பான் என்று யோசித்தான். பதினோரு மாதம் பக்கத்தில் முட்டி போட்டிருக்கிறான், அவன் ஜெபத்தை ஒரு நாள் கூடக் காதில் வாங்கியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஆமென் சொல்ல வேண்டிய இடத்தை மட்டும் கவனித்திருக்கிறான். அவமானமாக இருந்தது. தொண்டை கமறியது. பிறகு வார்த்தைகள் தாமாக வந்தன. என்னால் முடியவில்லை, யாராவது என்னை என்னவென்று கேட்கட்டும், ஒரே ஒரு தடவை கேட்கட்டும். தன் வாயிலிருந்துதான் வந்தது என்றாலும் குட்டைக்கு மயிர்க்கூச்செறிந்தது. பதினோரு மாதத்தில் அந்த அறையில் அவன் கேட்ட உண்மையான ஜெபம் அது ஒன்றுதான். அது அவனுடையது இல்லை.

கண்ணைத் திறந்தபோது மணி ஏழரை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தான் என்று தெரியவில்லை.

மதியம் வட்டத் தலைவன் போன் செய்தான். வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு வரட்டும் என்று பேசிவிட்டு, நெட்டையைக் கூப்பிடு என்றான். குட்டை, குளிக்கிறான் என்றான்.

“காலையில போன் பண்ணப்போ அவன்தான் எடுத்தான். நீ குளிக்கறதா சொன்னான்” என்றான் வட்டத் தலைவன். “வெள்ளிக்கிழமை நீ என்கிட்ட ஒண்ணு சொல்வியாம். அதுவரைக்கும் கேட்க வேண்டாம்னான். என்ன விஷயம்?”

ஒன்றுமில்லை, விளையாட்டுக்குச் சொல்லியிருப்பான் என்று குட்டை மழுப்பிவிட்டுப் போனை வைத்தான். வைத்ததும் அழைப்புப் பட்டியலைத் திறந்தான். ஏழு பத்துக்கு வட்டத் தலைவனின் அழைப்பு வந்திருந்தது. எடுக்கப்பட்டிருந்தது. இரண்டு நிமிடம் நாற்பது விநாடி பேச்சு.

போன் நேற்றிலிருந்து அவனை விட்டு அகலவில்லை. கதவுக்கு உள்தாழ் போட்டது போட்டபடி இருந்தது. நெட்டையின் சாவி மேசையில் அதே இடத்தில் கிடந்தது. பட்டப்பகலில், ஜன்னலில் வெயில் அடிக்கிற நேரத்தில், அவன் அந்த ஒன்றரை அறை வீட்டைச் சல்லடை போட்டுத் தேடினான். கட்டிலுக்கு அடியில் பார்த்தான், அலமாரியைத் திறந்தான். குளியலறைக் கதவு முன்னால் மட்டும் கால் நகரவில்லை. இரண்டு நாளாக எல்லோரிடமும், அவன் உள்ளே இருக்கிறான் என்று சொன்ன கதவு அது. கதவைத் தட்டினான். தன் வீட்டில், தனியாக இருக்கிற ஒருவன், தன் குளியலறைக் கதவைத் தட்டிவிட்டுப் பதிலுக்குக் காத்து நின்றான். உள்ளே யாரும் இருமவில்லை. தள்ளிப் பார்த்தான். வாளி, சோப்பு, ஈரமில்லாத தரை. தான் இரண்டு நாளாகக் குளிக்கவே இல்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன வட்டத் தலைவன், முதல் பஸ் பிடித்து ஆறரைக்கே வந்து நின்றான். கூட அவனுடைய ஜோடியும் இருந்தான். குட்டை கதவைத் திறந்தான். வட்டத் தலைவன் உள்ளே பார்த்தான். ஒரு கட்டில் கலைந்திருந்தது, ஒன்றில் போர்வை நான்காக மடித்திருந்தது. குளியலறைக் கதவு விரியத் திறந்திருந்தது.

“அவன் எங்க?”

குட்டையின் வாய் ‘குளி’ என்று தொடங்கி நின்றது. நின்றதும் அவனுக்கு அழுகை வந்தது. புதன்கிழமை காலையிலிருந்து நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான். சனிக்கிழமைக்காகச் செய்தேன் என்பதையும் சொன்னான். பையிலிருந்து பேட்ஜை எடுத்து நீட்டினான். நேற்று காலையில் போனை எடுத்தது யார் என்று மட்டும் தெரியவில்லை என்றான்.

வட்டத் தலைவன் பேட்ஜைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “குரல் உன்னோடதுதான்” என்றான். “நீ விளையாடறன்னு நினைச்சேன். ஆனா நடுவுல ரெண்டு தடவை இருமின. அது அவன் இருமல்.”

கீழே அக்கா வீட்டில் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. பிறகு வட்டத் தலைவன் மிஷன் ஆபீசுக்குப் போன் செய்தான். நெட்டையின் வீட்டிலிருந்தும் தகவல் இல்லை என்றார்கள். நாளை ஞானஸ்நானம் உன் கையால் நடக்காது என்று வட்டத் தலைவன் சொன்னான். குட்டை தலையாட்டினான். ஆச்சரியமாக, அது வலிக்கவே இல்லை. மூன்று நாளாக ஒருவன் எங்கே இருக்கிறான் என்று தெரியாது, அது வலித்தது.

“முதல்ல பஸ் ஸ்டாண்டைப் பார்க்கலாம்” என்றான் குட்டை. அந்த வார்த்தை இவ்வளவு சுலபமாக வந்தது அவனுக்கே பயமாக இருந்தது.

கிழக்கே நடந்தார்கள். பன்னிரண்டு நிமிடம்தான் ஆனது. காத்திருப்போர் கூடத்தில், வாசலைப் பார்த்தபடி இருந்த முதல் பெஞ்சில் நெட்டை உட்கார்ந்திருந்தான். மடியில் பெட்டி, கசங்கிய வெள்ளைச் சட்டை, மூன்று நாள் தாடி. பெஞ்சுக்கு அடியில் காலியான ரொட்டிக் கவர்கள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. அவன் எந்த பஸ்ஸிலும் ஏறவில்லை. ஏற வேண்டும் என்று வரவும் இல்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு, சாவியையும் பேட்ஜையும் கண்ணில் படும்படி வைத்துவிட்டு வந்தால், புதன்கிழமை காலை ஏழு மணிக்குள் தேடி வந்துவிடுவார்கள், வந்தவர்கள் என்ன ஏது என்று கேட்டுத்தானே ஆக வேண்டும் என்று கணக்குப் போட்டிருந்தான். அதற்காகத்தான் வாசலைப் பார்த்த பெஞ்ச்.

வட்டத் தலைவனும் அவன் ஜோடியும் சற்றுத் தள்ளி நின்றுகொண்டார்கள். குட்டை போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான். நெட்டைக்கு இருமல் வந்தது. இருமி முடித்துவிட்டு, கோபமில்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவனைப் போலக் கேட்டான்.

“நான் இல்லைன்னு எப்போ பார்த்த?”

சொல்லாமல் தப்பிக்க இப்போது குளியலறை இல்லை.

“புதன்கிழமை. ஆறரைக்கு” என்றான் குட்டை.

நெட்டை சரி என்று தலையாட்டிவிட்டு வாசலைப் பார்த்தான். குட்டையும் வாசலைப் பார்த்தான். அவன் தொண்டை கமறியது, இருமலை அடக்கிக்கொண்டான்.

“என்ன விஷயம்னு இப்போ சொல்றியா?” என்று கேட்டான்.