மூன்று தொட்டிகளும் ஒரு டிரைவரும்

புது வீட்டுக்குப் பால் காய்ச்சும் நாளில் கொத்தனாருக்கு வேட்டி சட்டை உண்டு, ஆசாரிக்கும் உண்டு, பெயின்டருக்குத் துண்டாவது உண்டு. பழைய சுவரை அள்ளிக்கொண்டு போனவளுக்கு மட்டும் பத்திரிகைகூட வராது. நான் பார்ப்பது அந்தத் தொழில்.

வீட்டை இடித்துக் கட்டிப் பார்த்தவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். இடிக்கும்போது இருக்கிற உற்சாகம், இடித்தது வாசலில் குவிந்ததும் இறங்கிவிடும். பக்கத்து வீட்டுக்காரர் முறைப்பார். டிராக்டர்காரர் "இதோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனை எடுக்க மாட்டார். உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் தருமபுரியில் இரும்புத் தொட்டி வாடகைக்கு விடுகிறேன். காலித் தொட்டியை வாசலில் இறக்கி வைப்போம். நீங்கள் நிரப்பியதும் சங்கிலி மாட்டி வண்டியில் தூக்கிக்கொண்டு போய், பள்ளமான மனையை மேடாக்க மண் கேட்டு வைத்திருப்பவர்களுக்குக் கொட்டிவிடுவோம். ஏரியில் கொட்டச் சொல்கிறவர்களுக்கு என்னிடம் தொட்டி கிடையாது.

இந்தத் தொழிலுக்கு நான் ஆசைப்பட்டு வரவில்லை. என் வீட்டுக்காரர் முருகேசன் லாரி டிரைவர். சேலம் போகிற வழியில் தொப்பூர் இறக்கத்தில் ஒருநாள் அவர் வண்டிக்குப் பிரேக் பிடிக்கவில்லை. மலைப்பக்கம் ஒடித்து மோதி நிறுத்தியதால் உயிர் பிழைத்தார். காலில் ராடு வைத்தார்கள். நடக்க ஆரம்பித்ததும் பழைய முதலாளி போன் செய்ய ஆரம்பித்தார், இவரும் காக்கிச் சட்டையைத் தேடி எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தார். நான் விடமாட்டேன் என்றேன். நகையை அடகு வைத்து, தொட்டி தூக்கும் பழைய வண்டி ஒன்றும் மூன்று தொட்டிகளும் வாங்கிப் போட்டேன். அன்று ஆயுத பூஜை. வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தார். "அடுத்த ஆயுத பூஜை வரைக்கும் ஓட்டறேன். இது ஓடலைன்னா நான் லாரிக்குப் போவேன், நீ குறுக்க நிக்கக் கூடாது" என்றார்.

சரி என்றேன். அந்த ஒரு வருடத்துக் கதைதான் இது.

எலுமிச்சம்பழம்

முதல் வாடிக்கையாளர் ஒரு ரிட்டையர்டு வாத்தியார். சாயங்காலம் அவர் வாசலில் காலித் தொட்டியை வைத்துவிட்டு வந்தோம். காலையில் போனால், வீட்டில் ஒரு செங்கல்கூட இன்னும் பெயர்க்கவில்லை, தொட்டி முக்கால்வாசி நிறைந்திருக்கிறது. பஞ்சு பிதுங்கிய மெத்தை, பெட்டி டிவி, கால் போன பிளாஸ்டிக் நாற்காலி, யார் வீட்டு விசேஷத்திலோ மிஞ்சிய தேங்காய் மட்டை. தெருவில் கேட்டால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. மெத்தை தானாக நடந்து வந்து ஏறிப் படுத்துக்கொண்டது போலிருக்கிறது.

எல்லாவற்றையும் காலி செய்துவிட்டு, 'கட்டட இடிபாடு மட்டும்' என்று பெயின்டில் எழுதினேன். மறுநாள் அந்த எழுத்தின் மேலேயே ஒரு கிழிந்த பாயைச் சாத்தியிருந்தார்கள். அதற்கப்புறம் எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. மறுபடி காலி செய்து, குங்குமம் தடவிய மூன்று எலுமிச்சம்பழங்களைத் தொட்டிக்கு நடுவில் வைத்துவிட்டு வந்தேன். பலன் கைமேல் கிடைத்தது. விடியும்வரை ஒரு காகிதம் விழவில்லை. ஆனால் காலையில் இடிக்க வந்த ஆட்களும் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு தள்ளியே நின்றார்கள். யாரோ எதையோ வைத்துவிட்டார்கள், தொட்டிக்குப் பக்கத்தில் போகமாட்டோம் என்றார்கள். நான்தான் வைத்தேன் என்றால் நம்பவில்லை.

முதல் வாடிக்கையை இப்படி விட்டுவிட்டுப் போக என்னால் முடியாது. வாத்தியார் வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீரும் கொஞ்சம் சர்க்கரையும் வாங்கினேன். பழங்களைக் கழுவி, அறுத்துப் பிழிந்து, அத்தனை பேருக்கும் முன்னால் நின்று சொம்பு காலியாகும்வரை குடித்தேன். மேஸ்திரி காலிச் சொம்பை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இன்னிக்குப் பாதி போடறம்மா. நாளைக்கு நீ வந்தீன்னா மீதியையும் போடறோம்."

வெள்ளிக்கிழமை லோடு

போனேன் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த சோதனை தை மாதத்தில் வந்தது. ஹாலைப் பெரிதாக்க நடுச்சுவரை எடுத்த ஒரு வீடு. அந்த அம்மா பேங்கில் வேலை பார்க்கிறவர், எல்லாவற்றிலும் கணக்காக இருப்பவர். வியாழக்கிழமை தொட்டி நிறைந்தது. வெள்ளிக்கிழமை காலையில் தூக்கப் போனால் கேட்டைச் சாத்திக்கொண்டு குறுக்கே நிற்கிறார். வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து மண்கூட வெளியே போகக்கூடாதாம், லட்சுமி கூடவே போய்விடுவாளாம். எனக்கோ அன்று மத்தியானம் அதே தொட்டியை இன்னொரு வீட்டில் வைத்தாக வேண்டும்.

வண்டியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர், "லாரி லைன்ல இந்தத் தொல்லையெல்லாம் கெடையாது. லோடு ஏறுச்சா, கெளம்பினமா, அவ்ளோதான்" என்றார். ஆயுத பூஜைக்கு இப்போதே கணக்கில் ஒரு மார்க் குறைத்துக்கொள்கிறார் என்று எனக்குப் புரிந்தது. நேராக முனைக் கடைக்கு நடந்தேன். ஒரு பாக்கெட் கல் உப்பு வாங்கி வந்து, "இன்னிக்கு உங்க வூட்டுக்கு லட்சுமிய நானே கூட்டிட்டு வந்திருக்கறங்க, உள்ள வெச்சுட்டு வாங்க" என்று நீட்டினேன். வெள்ளிக்கிழமை வாசல் தேடி வந்த உப்பை வேண்டாம் என்று சொல்ல எந்த வீட்டு அம்மாவுக்கும் மனசு வராது. பூஜை அறையில் வைத்துவிட்டு வந்து கேட்டைத் திறந்தார்.

"உப்பு உள்ள வந்துட்டுது, இனி கல்லு போவட்டும். ஆனா அடுத்த வெள்ளிக்கிழம வந்தீங்கன்னா மஞ்சளும் சேத்து வாங்கியாந்துடுங்க."

சந்து

கடைவீதிக்குப் பின்னால் ஒரு சந்து. ஒரு பக்கம் சாக்கடை, ஒரு பக்கம் வரிசையாக ஸ்கூட்டர்கள். உள்ளே போனால் திருப்ப முடியாது, ரிவர்ஸில்தான் போகவேண்டும். அங்கே ஒரு மாடி வீட்டில் படிக்கட்டை இடிக்கிறார்கள். மூன்று டிராக்டர்காரர்கள் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தார்கள். நானும் மனசுக்குள் முடியாது என்றுதான் நினைத்தேன். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

இவர் இறங்கி, காலைச் சற்றுத் தாங்கியபடி சந்தின் கடைசிவரை நடந்து பார்த்துவிட்டு வந்தார். இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் மடக்கினார். நான் பின்னால் போய் "வரலாம், வரலாம்" என்று குரல் கொடுப்பதற்குள் வண்டி பாதிச் சந்து வந்துவிட்டது. கடைக்காரர்கள் எல்லாம் வெளியே வந்து நின்றார்கள். ஒரு ஸ்கூட்டர்மேல்கூட உரசாமல், வீட்டு வாசலுக்கு நேராகத் தொட்டியை இறக்கினார். மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா எட்டிப் பார்த்துச் சொன்னதைக் கேட்டு இவர் சிரித்துவிட்டார். தொப்பூருக்கு அப்புறம் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். எனக்கு அழுகை வந்தது, சங்கிலியைக் கழற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டேன். அந்த அம்மா சொன்னது இவ்வளவுதான்:

"இந்தச் சந்துல எங்க வூட்டுக்காரரு மொபெட்டையே செவுத்துல தேச்சுட்டு வருவாரு. இவரு ஏரோப்ளேன் ஓட்டுனவருங்களா?"

அப்பா போட்ட தரை

ஊருக்குள் ஒரு பழைய வீட்டை முழுதாக இடித்தார்கள். சிவப்புக் காவித் தரை, ஓரத்தில் பச்சைக் கரை. பாளம் பாளமாகப் பெயர்ந்து வந்தது. பாலக்கோடு ரோட்டில் மனையை மேடாக்க ஒருவர் சொல்லி வைத்திருந்ததால் முதல் லோடை அங்கே கொண்டுபோய்க் கொட்டினோம். புழுதி அடங்கியதும் மனைக்காரர் குனிந்து ஒரு சில்லை எடுத்தார். தோளில் கிடந்த துண்டால் துடைத்தார். பச்சைக் கரை தெரிந்தது. "இது எங்க வூடு" என்றார்.

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. வீட்டை இடிக்கிறவர் மனைக்காரருடைய அண்ணன். பாகப்பிரிவினையில் வீடு அண்ணனுக்குப் போனதிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. எங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? மனைக்காரர் வேண்டாம் என்றால் அத்தனையையும் கையால் அள்ளித் திரும்ப ஏற்ற வேண்டும். என் வீட்டுக்காரர் வண்டியிலிருந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினார். லாரி லைனில் இதெல்லாம் கிடையாது என்று அன்று அவர் சொல்லவில்லை, அதை நான் கவனித்தேன். மனைக்காரர் அவரைக் கையமர்த்தினார். கையிலிருந்த தரைச் சில்லைத் தன் வண்டியின் சீட்டுக்கு அடியில் பத்திரமாக வைத்துவிட்டு வந்தார்.

"எங்கப்பா போட்ட தரைங்க இது. பங்கு கேட்டப்ப அண்ணன் தர மாட்டேன்னுட்டான், நீங்க கொண்டாந்து கொட்டிட்டீங்க. மீதி லோடும் இங்கயே வரட்டும், அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

ஆடி

ஆடி பிறந்தது, போன் நின்றது. ஆடியில் யாரும் வீட்டு வேலை ஆரம்பிக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. அது இவ்வளவு வலிக்கும் என்று தெரியாது. மூன்று தொட்டிகளும் வீட்டுக்கு எதிர்ப்புறம் காலியாகக் கிடந்தன. காற்றுக்கு அதில் சருகு சேர்ந்ததுதான் மிச்சம். எங்கள் போன் நின்றாலும் இவருடைய போன் நிற்கவில்லை. பழைய முதலாளியின் பெயரைப் பார்த்ததும் எடுத்துக்கொண்டு வெளியே போவார், திரும்பி வந்து என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட உட்காருவார். காக்கிச் சட்டை மறுபடியும் கொடியில் தொங்கியது.

அதைப் பார்த்த அன்று காலையில் முடிவு செய்தேன். ஆடியில் நல்ல காரியம் தொடங்கக் கூடாது, சரி. இடிப்பது என்ன நல்ல காரியமா? ஆடியில் இடித்து அள்ளிவிட்டால் ஆவணியில் நேராகக் கட்ட ஆரம்பிக்கலாமே. இதையே பாடமாக வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். தருமபுரியிலும் பாலக்கோட்டிலும் எனக்குத் தெரிந்த மேஸ்திரி, இன்ஜினியர், ஹார்டுவேர் கடைக்காரர் ஒருவரையும் விடவில்லை. பாதிப் பேர் சிரித்தார்கள். சிரித்தவர்களிடமும் நம்பரைக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். ஒரு மேஸ்திரி தன்னிடம் வந்த பார்ட்டியிடம் இதைச் சொல்லியிருக்கிறார், அந்த வீட்டு மருமகள் அன்றைக்கே என்னைக் கூப்பிட்டு விவரம் கேட்டார். ஆடி முடிவதற்குள் மூன்று தொட்டிகளும் வெளியே போயிருந்தன. முதலில் கூப்பிட்ட அந்த மருமகளிடம், ஆடியில் இடிக்க வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா என்று ஒரு வார்த்தை கேட்டேன்.

"இது எங்க மாமியாரு பாத்துப் பாத்துக் கட்டுன அடுப்படிங்க. இதை இடிக்க ஆடிய விட்டா வேற நல்ல மாசம் இருக்குதுங்களா?"

ஆயுத பூஜை

ஒரு வருடம் முடிந்தது. தொட்டிகளைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, வண்டிக்கு மாலை போட்டோம். பொரி கடலையைத் தட்டில் கொட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு கார் நின்றது. பழைய முதலாளி. நல்ல மனிதர்தான், கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இவருடைய ஆஸ்பத்திரிச் செலவில் பாதியைக் கொடுத்தவர்.

"முருகேசா, வருசம் முடிஞ்சுதில்ல? பாலக்கோட்டுல தக்காளி ஏறுது, நாளைக்குச் சேலம் போவணும். வண்டிக்கு ஆளில்லை. புது பிரேக்கு போட்டு வெச்சிருக்கறேன்" என்றார்.

குறுக்கே நிற்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். கற்பூரத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்த மனுஷன் அந்தத் தொப்பூர் இறக்கத்தில் இன்னொரு முறை இறங்கினால் என்னால் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாது, அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது. இவர் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். என் கையிலிருந்த தட்டை வாங்கி வண்டிக்குக் காட்டினார். ஏறி உட்கார்ந்து, பழங்கள் நசுங்க வண்டியை ஒரு முழம் முன்னால் நகர்த்தி நிறுத்தினார். இறங்கி வந்து, ஒரு கை பொரியை முதலாளியின் கையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"நாளைக்கு முடியாதுங்க மொதலாளி. விஜயதசமி, நல்ல நாளுன்னு ஒருத்தரு பாத்ரூம் இடிக்கிறாரு. நான் போயித்தான் தொட்டி வெக்கணும்."

ஆக, ஊரில் யார் வீட்டிலாவது ஏதாவது இடிந்துகொண்டிருந்தால்தான் என் வீடு நிற்கும் என்று ஆகிவிட்டதால், உங்கள் பாத்ரூம் டைல்ஸ் உங்களுக்குப் பிடிக்கவில்லையென்றால் தயவுசெய்து சகித்துக்கொண்டிருக்காதீர்கள்.