நெருப்பு பார்த்த அவல்

பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நடக்க வருகிறவர்கள் இன்றைக்குக் காலையில் வெள்ளைப்பூசணி ஜூஸ் குடிக்கிறார்கள் என்றால், அந்தப் பழக்கத்தை உண்டாக்கியவன் நான். பயறை முளைகட்டிப் பொட்டலமாக விற்கலாம் என்று இந்தப் பக்கத்துக்குக் காட்டியவன் நான். நெமிலிச்சேரியில் சொந்த வீடு கட்டினேன். இரண்டு பெண்களையும் படிக்க வைத்தேன். ஒருத்தி டீச்சர், ஒருத்தி பேங்கில் இருக்கிறாள். வீட்டுக்குப் பக்கத்திலேயே அடுப்பில்லாமல் ஒரு சமையல்கூடம் கட்டினேன். அளவெடுக்க வந்த கொத்தனார், "அடுப்பு மேடை எந்தப் பக்கம்ணே?" என்று கேட்டார். "எந்தப் பக்கமும் இல்ல" என்றேன். அவர் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

இத்தனையும் ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் செய்தது. யாரும் கை கொடுக்கவில்லை. கை கொடுத்ததாக இப்போது சொல்லிக்கொள்கிறவர்கள் அப்போது சிரித்தவர்கள்.

என் பேர் கன்னியப்பன். ஏரிக்கரையில் அந்தப் பேரைச் சொன்னால் தெரியாது. 'நெருப்பில்லா மாஸ்டர்' என்று கேட்டால் கடைக்கே கூட்டிவந்து விடுவார்கள். இந்தத் தொழிலுக்கு வரப்போகும் பிள்ளைகளுக்காக, அந்தப் பேருக்கு வந்த ஒரு சோதனையை எழுதி வைக்கிறேன். எழுதினால் எனக்காவது தெளியுமா என்று பார்க்கிறேன்.

1. அடுப்பை விட்டது

முன்னே நான் கல்யாண சமையலில், நீளமாக விறகு எரிகிற கோட்டை அடுப்பு பார்த்தவன். ஆவடி குவார்ட்டர்ஸ் பக்கம் நடந்த பாதிக் கல்யாணங்களுக்கு என் கைதான் விறகு தள்ளியது. புகையில் கண் கெட்டது. ஒருநாள் சாம்பார் அண்டாவை இறக்கும்போது எதிரில் நிற்கிற ஆள் யார் என்று தெரியவில்லை. கண் டாக்டர், "இனிமே அடுப்புப் பக்கமே போவாதீங்க" என்றார். சமையல்காரனைப் பார்த்து அடுப்புப் பக்கம் போகாதே என்றால் அவன் எங்கே போவான்? அடுப்பில்லாத சமையலுக்குப் போனேன். யாரும் சொல்லித்தரவில்லை. நானே ஊறவைத்து, துருவி, பிழிந்து, கெடுத்து, கொட்டி, கற்றுக்கொண்டேன்.

கடைக்கு ஒரு சட்டம் வைத்தேன். கிண்ணத்தைக் கையில் வாங்கியதும் என்னோடு சேர்ந்து நன்றி சொல்ல வேண்டும். "மண்ணுக்கு நன்றி, தண்ணிக்கு நன்றி, வெயிலுக்கு நன்றி, காத்துக்கு நன்றி." ஆரம்பத்தில் சிரித்தார்கள். பிறகு சொல்லாமல் சாப்பிட்டால் பக்கத்தில் இருப்பவரே முறைத்தார். நெருப்புக்கு மட்டும் நான் நன்றி வைக்கவில்லை. என் கண்ணைத் தின்ற நெருப்புக்கு நான் எதற்கு நன்றி சொல்ல வேண்டும்?

2. சங்கரலிங்கம் கேட்ட கேள்வி

சங்கரலிங்கம் சார் திருநெல்வேலிக்காரர். ராணுவத் தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஏரிக்கு எதிர் ஃப்ளாட்டில் மகளோடு இருக்கிறார். உடம்பில் சர்க்கரை. காலையில் ஏரியைச் சுற்றிவிட்டு நேரே என் கடைக்கு வருவார். புளி அவல் ஒரு கிண்ணம், பயறு ஒரு கிண்ணம். வந்த புதிதில் மாடிப்படியில் நின்று நின்று ஏறியவர், பிறகு லிஃப்ட்டைத் தொடுவதில்லை. அது என் சாப்பாடு. அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

அவர் மகள் உமாவுக்குக் கணினிக் கம்பெனியில் வேலை. அப்பாவுக்கு எழுபது வயது நிறைவு வந்தபோது என்னிடம் வந்தாள்.

"மாஸ்டர், பார்ட்டி ஹால்ல ஃபங்ஷன். வாழை இலை போட்டு ஃபுல் மீல்ஸ். ஆனா ஒரு ஐட்டம்கூட சமைச்சது இருக்கக்கூடாது. முடியுமா?"

முழு இலை விருந்து, நெருப்பே இல்லாமல். இந்தப் பக்கத்தில் யாரும் செய்ததில்லை. எனக்குப் பயம்தான். வெளியில் காட்டவில்லை. "முடியுமான்னு என்னக் கேக்காதம்மா, எல இருக்குதானு கேளு" என்றேன். அவள் பத்திரிகையிலேயே 'நெருப்பில்லா விருந்து' என்று அடித்துவிட்டாள்.

விருந்துக்கு முந்தின வாரம் சங்கரலிங்கம் சார் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஏ மாஸ்டர், இங்க வாரும். அவல எப்படிச் செய்வாவன்னு தெரியுமாவே?"

"நெல்ல ஊறவெச்சு இடிப்பாங்கோ சார்."

"ஊறவச்சு? அப்புறம்?"

"அப்புறம் இன்னா, இடிக்கறதுதான்."

"வறுத்துல்லாவே இடிக்கணும். எங்க அம்மை மணல் போட்டு வறுப்பா, நான் உலக்கை பிடிச்சிருக்கேன். இத்தனை நாளு ஒம்ம நன்றியச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்துது. இதுல நெருப்பு இருக்குவே."

"நான் அடுப்பே பத்தவெக்கறதில்ல சார்."

"நீரு பத்தவைக்கல. எவனோ பத்தவச்சிருக்காம்லா?"

சுற்றி நின்றவர்கள் கிண்ணத்துக்குள் பார்த்தார்கள். அவர் மெதுவாகச் சொன்னார்: "எழுபது வயசுல என் எலையில ஒரு பொய்ய வச்சு என்னைய உக்கார வைக்கப் பாக்கியளா? நான் உக்கார மாட்டேன்."

3. வீட்டில்

என் மனைவி சரோஜா பண்ருட்டிப் பக்கத்துக்காரி. அவளிடம் சொன்னால் ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன்.

"அவல் மட்டுமாய்யா? வெல்லம் இன்னா, கரும்புல காய்ச்சுத் தொங்குதா? பாகு காய்ச்சாத வெல்லம் ஏது?"

"சரி, வெல்லம் வாணாம். முந்திரிப் பாயாசம் தேன் ஊத்திப் பண்ணிடறேன்."

"முந்திரியா? எங்க ஊர்ல வந்து பாரு. கொட்டைய வறுக்காம, அவிக்காம ஒடச்சா கை வெந்துபூடும்."

"அப்போ இன்னாதான் பச்சை?"

"தண்ணி" என்றாள். கொஞ்சம் யோசித்து, "அதையும் ஃப்ளாட்டுக்காரங்கோ காய்ச்சித்தான் குடிக்கிறாங்கோ" என்றாள்.

அவள் வைத்த ரசம் சுடச்சுட இருந்தது. நான் வீட்டில் ரசம் சோறு சாப்பிடுகிறவன்தான். கடை வேறு, வீடு வேறு என்று வைத்திருந்தேன். அன்றைக்கு அந்தக் கோடும் எங்கே போனது என்று தெரியவில்லை.

4. வேப்பம்பட்டு

நேரில் பார்த்துவிடுவது என்று மண்டிக்காரரிடம் விலாசம் கேட்டேன். என் அவல் வேப்பம்பட்டுக்கு அப்பால் ஒரு சின்ன மில்லிலிருந்து வருகிறது. மின்சார ரயிலில் போய் இறங்கி விசாரித்துப் போனேன். தகரக் கூரைக்குக் கீழே ஓர் அம்மா இரும்புச் சட்டியில் மணலைப் போட்டு, ஊறின நெல்லைத் தள்ளித் தள்ளி வறுத்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் உமி எரிந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. புகையால்தான்.

"ஏம்மா, வறுக்காமயே இடிச்சா இன்னாவும்?"

"நொறுங்கி நொய்யாப்பூடும். சூடா கீறப்பவே இடிச்சாத்தான் தட்டையாவும். நீ யாரு, புதுசா மில்லு வெக்கப் போறியா?"

'நெருப்பில்லா மாஸ்டர்' என்று சொல்ல நாக்கு எழவில்லை. "அவல் வாங்கறவன்" என்றேன்.

"வாங்கறவன் வந்து பாக்கறது இதான் மொத தபா" என்று சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் சிரித்தாள். பேர் கேட்டேன். தேவகி என்றாள். கிளம்பும்போது ஒரு பிடி சூடான அவலை என் கையில் போட்டாள். நன்றாக இருந்தது. சொல்லக் கூச்சமாக இருக்கிறது, என் கடை அவலைவிட நன்றாக இருந்தது.

மறுநாள் காலையில் கடையில் நன்றி சொல்லும்போது காற்றுக்கு வந்ததும் நின்றுவிட்டேன். கிண்ணத்தோடு எல்லோரும் காத்திருந்தார்கள்.

"இன்னா மாஸ்டர், கேசட் சிக்கிகினு கீதா?" என்றார் ஒருவர்.

"வறுத்தவங்களுக்கு நன்றி" என்றேன்.

"யாரு வறுத்தது?"

"துன்னுய்யா நீ" என்றேன். வேறு என்ன சொல்வது?

5. இலை

உமாவிடம் போய் உள்ளதைச் சொன்னேன்.

"மாஸ்டர், அதெல்லாம் யார் கேக்கப் போறாங்க? கார்டு எல்லாருக்கும் போயாச்சு. அப்பாகிட்ட மட்டும் அவல் பச்சைன்னு அடிச்சுச் சொல்லிடுங்க."

எனக்குக் குழப்பம் இன்னும் கூடியது. ஒரு ஐட்டம்கூட சமைத்தது கூடாது என்றவள் அவள். இப்போது போகட்டும் என்கிறாள். தினமும் அவல் சாப்பிட்டவர் அவர். இப்போது உட்கார மாட்டேன் என்கிறார். அவலை எடுத்துவிடலாம் என்றால், வந்தவர்கள் காயும் பயறும் மட்டும் தின்றுவிட்டுப் பசியோடு போவார்கள். பசியோடு அனுப்பினால் அது விருந்தா? கல்யாண சமையலில் நான் கற்ற ஒரே பாடம் அதுதான்.

வெல்லத்தை நிறுத்தினேன். பாயாசத்துக்குப் பேரீச்சம்பழமும் தேங்காய்ப்பாலும். முந்திரியை நிறுத்தினேன், பச்சை வேர்க்கடலையை ஊறவைத்து அரைத்தேன். வாழைத்தண்டுப் பச்சடி, கேரட் கோசும்பரி, கொத்தமல்லித் துவையல், முளைப்பயறு எல்லாம் நிஜப் பச்சை. அவலை மட்டும் விடவில்லை.

பந்தியில் பரிமாறுகிறவர்கள் வாளியோடு, "சாம்பார், சாம்பார்" என்று பேர் சொல்லிக்கொண்டே வருவார்கள் இல்லையா? அவல் வாளியை நானே தூக்கினேன். முதல் இலை சங்கரலிங்கம் சாருக்கு. அவர் இலைக்கு முன் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். உமா என்னைப் பார்த்தாள். நான் ஹாலுக்கே கேட்கும்படி சொன்னேன்:

"நெருப்பு பாத்தது... நெருப்பு பாத்தது..."

உமா கண்ணை மூடிக்கொண்டாள். சங்கரலிங்கம் சார் என் முகத்தையும் வாளியையும் பார்த்தார். வேட்டியை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். "போடும்வே" என்றார். "ரெண்டு கரண்டி."

நான் வரிசையில் சொல்லிக்கொண்டே போனேன். முதலில் விழித்தார்கள், பிறகு சிரிப்பு. அம்பத்தூரிலிருந்து வந்த ஒருவர், "மாமே, பாக்காததெல்லாம் ஓரமா வெச்சுக்கறேன், நெருப்பு பாத்தது இன்னொருவாட்டி போடு" என்றார். வாளி நாலு முறை நிரம்பியது. அவல்தான் முதலில் தீர்ந்தது. நெருப்பில்லா விருந்தில் எல்லோரும் நெருப்பைக் கேட்டு வாங்கித் தின்றார்கள். அது எனக்கு வெற்றியா தோல்வியா என்று இன்றுவரை புரியவில்லை.

6. மைக்

சாப்பாடு முடிந்ததும் உமா மைக்கில் நன்றி சொன்னாள். கடவுளுக்கு, டாக்டருக்கு, யோகா டீச்சருக்கு, அலங்காரம் செய்தவர்களுக்கு, போட்டோ எடுத்தவருக்கு, கடைசியில் "கேட்டரிங் டீமுக்கு". அடுத்துப் பேசிய சங்கரலிங்கம் சார் சர்க்கரை இறங்கியது ஏரியைச் சுற்றி நடந்ததால் என்றார். அவருடைய டாக்டரும் வந்திருந்தார்; மாத்திரையை ஒழுங்காகப் போட்டதால் என்றார். மாத்திரையை நிறுத்துங்கள் என்று நான் யாருக்கும் சொன்னதில்லை, அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

பிறகு வந்த வீடியோவில் இலை வருகிறது, பாயாசம் வருகிறது, என் வாளி வருகிறது. என் முகம் வாளிக்கு மேலே வெட்டுப்பட்டிருக்கிறது. அதை ஃப்ளாட்டுக்காரர்கள் எல்லோரும் பார்த்துப் பாராட்டினார்களாம்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது: உங்கள் கைக்கு வருகிற சாமான் அதற்கு முன்னால் யார் கையில் இருந்தது என்று போய்ப் பாருங்கள். போனால் குழப்பம்தான் வரும். வரட்டும். போகாமல் பெருமை பேசியதைவிட, போய்க் குழம்பியபின் என் கை சுத்தமாகத்தான் இருக்கிறது.

உமாவுக்குச் சொல்வது வேறு. சர்க்கரை இறங்கியதில் என் பங்கு எவ்வளவு என்று எனக்கே தெரியாது அம்மா. நடை பாதியா, மாத்திரை பாதியா, அவலில் வறுத்தவள் பங்கு போக எனக்கு எவ்வளவு மிச்சம், அதை நீயே கணக்குப் போட்டுக்கொள். ஆனால் பங்கே இல்லை என்று சொல்ல விடமாட்டேன். அந்த வீடியோவில் என் பேரைப் போடு. கேட்டரிங் டீம் என்று ஓர் ஆள் கிடையாது. கன்னியப்பன் என்று போடு. முன்னால் 'நெருப்பில்லா' என்று சேர்ப்பதா வேண்டாமா என்பதை உன் அப்பாவிடம் கேட்டுக்கொள். 'மாஸ்டர்' என்பதை மட்டும் விடாதே. தேவகி பேரையும் போட்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை. என் பேருக்குக் கீழே.