பெயரில்லாத அரிசிப் பை

உத்திரமேரூரில் எங்கள் அரிசி மில்லின் பையில் அம்மாவின் பெயரும் அவளுடைய இளவயசுப் படமும் இருக்கும். "என்னைக் கடை வாசல்ல அடுக்கி வெச்சிட்டாரு, மேல பூனை குந்திக்கினு கீது" என்று அவள் நைனாவைத் திட்டாத மாசமில்லை.

ஜி.எஸ்.டி. வருமா வராதா என்று நாடே பேசிக்கொண்டிருந்தபோது, பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அதற்கு வக்கீல் நைனாதான். "நாடு பூரா ஒரே வரி. செக்போஸ்டுல லாரி நிக்காது. இன்னா நஷ்டம்?" என்பார். மில்லில் பங்கு வைத்திருந்த என் தாய்மாமா, "நம்ம தலையில வுளும்போது தெரியும்" என்பார். இருவரும் கத்துவதில் டீ ஆறிப்போகும். வரி அமலுக்கு வந்த அன்று நைனா டீக்கடையில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். அவ்வளவு நல்ல மனசு, அவ்வளவு அவசரம்.

அப்புறம்தான் விவரம் வந்தது. பதிவு செய்த பெயர் போட்ட பையில் விற்றால் அரிசிக்கு வரி. பெயரில்லாத பைக்கு இல்லை. சுற்றுவட்டார மில்களெல்லாம் பெயரைக் கழற்றிவிட்டன. எங்கள் பை மட்டும் விலை கூடிக் கடைகளில் தேங்கியது.

"அக்கா பேரையும் படத்தையும் எடுத்துடலாம்" என்றார் தாய்மாமா.

"எடுங்க, பீடை வுட்டுது" என்றாள் அம்மா.

நைனா இரண்டு நாள் டீக்கடைப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் வெள்ளைப் பைக்குத் தலையாட்டினார். அரிசி மளமளவென்று போனது.

அடுத்த மாதம் மானாம்பதியில் ஒரு கல்யாணம். நானும் அம்மாவும் போனோம். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அம்மா நேரே சமையல்கட்டுக்குத்தான் போவாள். சமையல்காரர்கள் பையையும் அவளையும் மாறிமாறிப் பார்த்து, "அரிசிக்கார அம்மா வந்துட்டாங்க" என்று நாற்காலி போடுவார்கள். அவள் சோற்றுப் பதம் பார்த்துச் சொன்ன பிறகுதான் வடிப்பார்கள். அன்று அடுக்கியிருந்ததும் எங்கள் அரிசிதான், வெள்ளைப் பையில். சமையல்காரர் நிமிர்ந்து பார்த்து, "இன்னாம்மா, பந்தி அந்தப் பக்கம்" என்றார். அம்மா பந்தியில் வந்து உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் நான்தான் நைனாவிடம் போட்டு உடைத்தேன். மறுநாளே பெயர் போட்ட பைக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார். தாய்மாமா வீட்டுக்கே வந்து குதித்தார்.

"வரிய எவன் கட்டறது?"

"வேணும் வேணும்னு கத்துனவன் நான்தானே? என் பங்குலேர்ந்து கட்டு. அவ மூஞ்சி பைல இருக்கணும்."

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "போடறதுதான் போடறீங்க, இப்ப இருக்கற மூஞ்சியப் போடுங்க. பாத்தா நான்தான்னு தெரியணும்."